பாஸ்போர்ட் பை ஒரு ரயில்ல, நாங்க நாலு பேரும் இன்னொரு ரயில்ல: நட்டத்தை யார் குடுக்கணும்?

கேள்வி: வணக்கம்ணே. திருமங்கலத்துல இருந்து எழுதுறேன், வயசு 34. பாலிடெக்னிக்ல ஒண்ணா படிச்ச நாங்க அஞ்சு பேரும் மலேசியா போயிட்டு வந்தோம், டிக்கெட் ஹோட்டல் எல்லாம் புக் பண்ணது நான்தான். திரும்பி வர்ற அன்னிக்கு லங்காவில மத்தியானம் 1 மணிக்கு ஃபிளைட், கே.எல். (கோலாலம்பூர்) வந்து அங்க இருந்து ராத்திரி 7.40க்கு வேற கம்பெனி ஃபிளைட்ல திருச்சி. லங்காவி ஃபிளைட் 2 மணி நேரம் 40 நிமிஷம் லேட். ஒரு நண்பன் பவர் பேங்கை லக்கேஜ்ல போட்டிருந்ததால அவன் பெட்டியை மட்டும் நிறுத்தி வச்சுட்டு அடுத்த ஃபிளைட்ல அனுப்புனாங்க, அதுக்காக ஏர்போர்ட்லயே அஞ்சே முக்கால் வரைக்கும் காத்திருந்தோம். அப்பறம் அடுத்த டெர்மினலுக்கு ரயில் ஏறும்போது இன்னொரு நண்பன் மாத்தி ஏறி சிட்டிக்கே போயிட்டான், அஞ்சு பேர் பாஸ்போர்ட்டும் அவன் பைல. அவன்கிட்ட சிம் கூட இல்ல, என் ஹாட்ஸ்பாட்ல தான் இருந்தான். அவன் திரும்பி வரும்போது மணி 7.25, கவுண்டர் 6.40க்கே மூடிட்டாங்க. மறுநாளுக்கு ஆளுக்கு 13,400 ரூபாய்னு புது டிக்கெட், ராத்திரி ரூம், சாப்பாடுன்னு மொத்தம் 76,000 ஆயிருச்சு, எல்லாம் என் கார்டுல. இதுல ஹோட்டல்காரனும் ரூம் வாடகைக்கு மேல 10 ரிங்கிட் சேத்து புடுங்குனான். திருச்சில இறங்குனா என் பெட்டி வரல, மூணு நாள் கழிச்சு சக்கரம் ஒடைஞ்சு வந்துச்சு, வந்தும் அஞ்சு நாள் ஆச்சு. இப்ப "நீதான புக் பண்ண, பாதி நீ போடு"ங்கிறாய்ங்க. பாஸ்போர்ட் வச்சிருந்தவன் வாட்ஸப் குரூப்பை விட்டே போயிட்டான். காசு ஏதாவது திரும்பக் கிடைக்குமா? யார் குடுக்கிறது நியாயம்? அடுத்த வருஷம் பேசாம கொடைக்கானலே போயிடலாமான்னு இருக்கு.

பதில்:

தம்பி, உங்க கடுதாசில பெட்டி வந்து அஞ்சு நாள் ஆச்சுங்கிற வரியைப் பாத்ததுமே உங்களுக்கு தனியா ரெண்டு வரி மெயில் போட்டுட்டேன், இந்நேரம் பாத்து வேலையை முடிச்சிருப்பீங்கன்னு நம்புறேன். மத்தவங்களுக்கும் ஆகும்னு அதையே இங்க முதல்ல சொல்றேன், ஏன்னா கெடு உள்ளது அது ஒண்ணுதான், மத்த பஞ்சாயத்தெல்லாம் ஒரு மாசம் கழிச்சுக் கூட பேசிக்கலாம்.

ஒரு நாட்டுல இருந்து இன்னொரு நாட்டுக்கு வர்ற ஃபிளைட்ல பெட்டி ஒடைஞ்சா, காணாம போனா, லேட்டா வந்தா, மான்ட்ரியல் ஒப்பந்தம்னு ஒண்ணு இருக்கு, 1999ல போட்டது, இந்தியா அதுல 2009ல சேந்துச்சு, மலேசியாவும் உள்ள இருக்கு. அதுப்படி பெட்டி ஒடைஞ்சிருந்தா கையில வாங்கின நாள்ல இருந்து 7 நாளுக்குள்ள எழுத்துல புகார் குடுத்தாகணும், லேட்டா வந்ததுக்கு பெட்டி கைக்கு வந்த நாள்ல இருந்து 21 நாள். போன்ல சொன்னேன், கவுண்டர்ல ஒரு பொண்ணு நோட்டுல எழுதிக்கிச்சுன்னு சொல்றதெல்லாம் செல்லாது, மெயிலா இருக்கணும், இல்ல அவங்க வெப்சைட் ஃபாரமா இருக்கணும், நம்ம கையில அதுக்கு ஒரு காப்பி இருக்கணும். ஒடைஞ்ச சக்கரத்தை போட்டோ எடுங்க, பெட்டில ஒட்டியிருக்கிற டேக்கை கிழிச்சுப் போட்டுறாதீங்க, போர்டிங் பாஸ் தாளை பர்ஸ்ல இருந்து எடுத்து பத்திரப்படுத்துங்க, பெட்டி இல்லாத மூணு நாள்ல அதுக்காக ஏதாவது அவசரமா வாங்கியிருந்தா பில் சேருங்க. அதிகபட்சம் 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நிதியத்தோட கணக்குப் பணம்) வரைக்கும் கேக்கலாம், 2024 டிசம்பர் 28ல இருந்து இதுதான் கணக்கு, நம்ம காசுல ஒன்றரை லட்சத்துக்கு மேல வரும், ஆனா அது உச்சவரம்பு தம்பி, சக்கரம் ஒடைஞ்சதுக்கு அவ்வளவும் தூக்கிக் குடுத்துற மாட்டாங்க, பெட்டி விலை என்னவோ அதுல தேய்மானம் போக ஏதோ குடுப்பாங்க. அதையும் கேட்டாத்தான் குடுப்பாங்க.

திருச்சில இறங்கி பெட்டி வரலைன்னதும் பி.ஐ.ஆர்., அதாவது பெட்டி வரலைங்கிற புகார் ஃபாரம், எழுதினீங்களான்னு நீங்க சொல்லல. அந்த பெல்ட் பக்கத்துலயே ஒரு கவுண்டர் இருக்கும், பி.ஐ.ஆர். நம்பர் வாங்காம வெளிய வரவே கூடாது. ஆனா ராத்திரி முழிச்சு, சண்டை போட்டு, முகத்தை முகம் பாக்காம இறங்குன ஆளுகளுக்கு அதெல்லாம் எங்க தோணும், மேலூர் தாண்டி சிட்டம்பட்டி டோல்கேட் வந்ததும்தான் ஞாபகம் வரும். எனக்குத் தெரியாதா என்ன, இருபது வருஷமா மதுரை டவுன்ஹால் ரோட்டுல டிக்கெட் ஏஜென்ட் பொழப்பு.

இப்ப 76,000க்கு வருவோம். லங்காவி ஃபிளைட் லேட்டானதாலதான எல்லாம், அந்த ஃபிளைட் கம்பெனிக்காரன்கிட்டயே வாங்கிறலாம்னு உங்க கூட்டத்துல ஒருத்தர் சொல்லியிருப்பார். அது நடக்காது. மலேசியாவுல விமானப் பயணிகளுக்குன்னு 2016ல இருந்து ஒரு விதித் தொகுப்பு இருக்கு, அதுல 2 மணி நேரத்துக்கு மேல லேட்டானா சாப்பாடு தண்ணி குடுக்கணும், 5 மணி நேரம் தாண்டுனா பயணமே வேண்டாம் பணத்தைக் குடுன்னு கேக்கலாம், இந்த ரெண்டாவது 2024 செப்டம்பர்ல சேத்தது. உங்களுக்கு 2.40 தான், ஒரு சாப்பாட்டுக் கூப்பனோட முடிஞ்சிருச்சு. லேட்டானதால நீங்க விட்ட இன்னொரு கம்பெனி ஃபிளைட்டுக்கு அவன் பொறுப்பு இல்ல, ஏன்னா நீங்க திருச்சிக்கு போறீங்கங்கிறதே அவனுக்குத் தெரியாது. அவன் கணக்குப்படி நீங்க கே.எல்.லுக்கு டிக்கெட் எடுத்தீங்க, கே.எல்.ல இறக்கி விட்டுட்டான். சென்னைல இருந்து பஸ்ல வந்து மாட்டுத்தாவணில இறங்குற ஆளு, ஆரப்பாளையத்துல தேனி பஸ்ஸை விட்டுட்டேன்னு சென்னை பஸ் டிரைவர்கிட்ட சண்டை போட முடியுமா, அந்தக் கதைதான்.

இதே லங்காவி, கே.எல்., திருச்சின்னு மூணும் ஒரே பி.என்.ஆர்.ல, அதாவது ஃபிளைட் கம்பெனி குடுக்கிற ஒரே பதிவு நம்பர்ல, இருந்திருந்தா கதையே வேற. முதல் ஃபிளைட் லேட்டாகி ரெண்டாவதை விட்டா அடுத்த ஃபிளைட்ல காசு வாங்காம ஏத்தி அனுப்புறது அவங்க தலைவலி, பெட்டியும் நேரா திருச்சிக்கு டேக் போட்டிருப்பாங்க, நீங்க பெல்ட் முன்னாடி காத்துக் கெடக்க வேண்டியதே இல்ல. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லங்கிறது டிக்கெட் ஆப்ல பாத்தா தெரியாது, அதுதான் கொடுமை. ஒரே ஸ்கிரீன்ல, ஆப்போட ஒரே புக்கிங் நம்பர்ல, ஒரே பேமென்ட்ல ரெண்டு தனி டிக்கெட்டை ஒட்ட வச்சு வித்துருவாங்க, கீழ பொடி எழுத்துல செல்ஃப் டிரான்ஸ்ஃபர்னு போட்டிருக்கும். அந்த வார்த்தையைப் பாத்தா, நடுவுல என்ன ஆனாலும் உன் பாடுன்னு அர்த்தம் பண்ணிக்கங்க. நான் ஏஜென்ட், ஏஜென்ட்கிட்ட வான்னுதான் சொல்லுவேன்னு நினைக்காதீங்க, ஆப்லயே எடுங்க, ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி எத்தனை பி.என்.ஆர்.னு எண்ணிப் பாருங்க.

கையில வர்ற காசு ஒண்ணு இருக்கு, கேக்க மறந்துறாதீங்க. ஏறாம விட்ட அந்த 7.40 டிக்கெட், நோ ஷோ, டிக்கெட் காசு போனது போனதுதான். ஆனா அதுக்குள்ள ஏர்போர்ட் வரின்னு ஒண்ணு அடங்கியிருக்கு, நீங்க பறக்காததால அதை அந்தக் கம்பெனி வச்சுக்க முடியாது, திருப்பிக் கேக்கலாம். அஞ்சு டிக்கெட்டுக்கும் கேளுங்க, பெருசா வராது, ஆனா விடாதீங்க. அப்பறம் ஹோட்டல்காரர் கேட்ட 10 ரிங்கிட் புடுங்கல் இல்ல, வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரின்னு 2017ல இருந்து அங்க சட்டமே இருக்கு, பாவம் அவரைத் திட்டாதீங்க. உங்க கார்டு பில்லையும் ஒரு தடவை பாருங்க, கவுண்டர்ல தேய்க்கும்போது மெஷின் ரூபாய்ல போடவா ரிங்கிட்ல போடவான்னு கேட்டிருக்கும், பதட்டத்துல நம்மாளுக நம்ம காசுன்னு ரூபாயை அமுக்கிருவாங்க, அந்த ரேட்டு பெரும்பாலும் நம்ம பேங்க் போடுறதை விட மோசமா இருக்கும். எப்பவும் அந்த ஊர் காசுலயே போடச் சொல்லுங்க. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுத்தீங்களான்னு நீங்க எழுதல, எடுத்திருந்தா எழுதாம இருந்திருக்க மாட்டீங்க.

சரி, யார் குடுக்கணும்.

உங்க கடுதாசியை மூணு தடவை படிச்சேன் தம்பி. ஃபிளைட் லேட்டு, பவர் பேங்கு, ரயில்னு ஒவ்வொண்ணா அடுக்கியிருக்கீங்க, அஞ்சு பேரும் அதுல எந்தக் கண்ணி அறுந்துச்சுன்னு தேடி ஆளுக்கொரு விரலை நீட்டிக்கிட்டு இருக்கீங்க. எனக்கு என்னவோ அன்னிக்கு ராத்திரி நடந்ததெல்லாம் காலைல கிளம்பும்போதே முடிவாயிருச்சுன்னுதான் தோணுது. சேத்து வாங்க வேண்டிய டிக்கெட்டைப் பிரிச்சு வாங்கியிருக்கீங்க, பிரிச்சு வைக்க வேண்டிய பாஸ்போர்ட்டை சேத்து ஒருத்தன் பைல போட்டிருக்கீங்க, சிம்மு ஒண்ணு, கார்டு ஒண்ணு, டிக்கெட் இருக்கிற போன் ஒண்ணு. அஞ்சு பேர் போகல தம்பி, அஞ்சு தலை உள்ள ஒரே ஆளு போயிருக்கீங்க, அந்த ஆளுக்கு ஒரு காலு சுளுக்குனா மொத்தமா விழ வேண்டியதுதான்.

பாருங்க, அஞ்சேகால் மணிக்கு பெல்ட்ல நாலு பெட்டி வந்துருச்சு, ஒண்ணு வரல. அப்ப நாலு பேர் கிளம்பி அடுத்த டெர்மினல் போயிருந்தா ஆறு மணிக்குள்ள கவுண்டர்ல நின்னுருப்பீங்க. பெட்டிக்காரர் மட்டும் புகார் எழுதிக் குடுத்துட்டு, கிடைச்சதும் அனுப்புங்கன்னு அட்ரஸ் குடுத்துட்டு பின்னாடியே ஓடி வந்திருக்கலாம், பெட்டி எப்படியும் அவங்க பொறுப்பு. ஆனா உங்களால பிரிய முடியல, ஏன்னா பாஸ்போர்ட் ஒரு இடம் டிக்கெட் ஒரு இடம். ஒருத்தனை விட்டுட்டுப் போறதான்னு பாசமும் இருந்திருக்கும், அதைக் குத்தம் சொல்லல. ஆனா ஒரு பவர் பேங்குக்காக அஞ்சு பேரும் நின்னது பாசம் இல்ல, நிர்வாகக் கோளாறு.

அந்த ரயில் விஷயம் படிச்சுட்டு எனக்கு சிரிப்பு வந்துருச்சு, மன்னிச்சுக்கங்க. கே.எல்.ல டெர்மினல் ஒண்ணு, டெர்மினல் ரெண்டுன்னு ரெண்டு, ரெண்டாவது 2014ல தொறந்தது, நடந்து போற தூரம் இல்ல. ரயில்ல மூணே நிமிஷம், ரெண்டு ரிங்கிட், சும்மா ஏத்திட்டுப் போற பஸ்ஸும் உண்டு. ஆனா அதே ஸ்டேஷன்லதான் சிட்டிக்குப் போற எக்ஸ்பிரஸும் நிக்கும், அதுல ஏறிட்டா கே.எல். சென்ட்ரல் வரைக்கும் 28 நிமிஷம் எங்கயும் நிக்காது, கதவைத் தட்டி அழுதாலும் நிக்காது. உங்க நண்பர் அந்த 28 நிமிஷமும் மடில அஞ்சு பாஸ்போர்ட்டை வச்சுக்கிட்டு, போன்ல நெட்டும் இல்லாம, ஜன்னல்ல செம்பனைத் தோட்டம் பின்னாடி ஓடுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்ததை நினைச்சுப் பாருங்க. நீங்க நாலு பேர் கவுண்டர் முன்னாடி நின்ன நிலைமையை விட அவர் நிலைமைதான் மோசம். குரூப்பை விட்டுப் போனது திமிருல இல்ல தம்பி, மூஞ்சி காட்ட முடியாமதான்.

சித்திரைத் திருவிழால அழகர் எதிர்சேவைக்கு தல்லாகுளத்துக்குப் போகும்போது நம்ம வீட்டுப் பெருசுக என்ன சொல்லும், கூட்டத்துல கை விட்டுப் போச்சுன்னா தேடிக்கிட்டு அலையாத, பெருமாள் கோயில் வாசல்ல போய் நில்லு, நாங்க வர்றோம்னு சொல்லி, சின்னப் பிள்ளை சட்டைப் பைல போன் நம்பரும் பஸ்ஸுக்குக் காசும் வச்சு அனுப்பும். அம்புட்டுதான். ஆளுக்கு ஒரு சிம்மு, இல்லாட்டி இ-சிம்மு, பெரிய செலவு இல்ல. ஆளுக்கு அவங்கவங்க பாஸ்போர்ட் அவங்கவங்க இடுப்புல. டிக்கெட் பி.டி.எஃப். அஞ்சு போன்லயும். கொஞ்சம் ரொக்கம். பிரிஞ்சு போனா யாரும் யாரையும் தேட வேண்டாம், நேரா செக்-இன் கவுண்டருக்கு வந்துறணும்னு ஒரு வார்த்தை. இதை ஹோட்டல்ல இருந்து கிளம்பும்போதே சொல்லியிருந்தா நாலு பேராவது அன்னிக்கு ராத்திரி திருச்சில இறங்கி, துவரங்குறிச்சில ஒரு டீயைக் குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பீங்க.

இன்னொண்ணும் சொல்றேன், அந்தப் பை ரயில்லயே தங்கியிருந்தா இந்த 76,000 எல்லாம் பிச்சைக்காசு. போலீஸ்ல புகார் எழுதி, நம்ம ஹைகமிஷன் போயி, இந்தியாவுக்கு ஒரு வழி மட்டும் வர்ற எமர்ஜென்சி சர்டிபிகேட் வாங்கி, மலேசியா இமிகிரேஷன்லயும் வெளிய விடுறதுக்கு தனியா பாஸ் வாங்கின பெறகுதான் ஏர்போர்ட் பக்கமே வர முடியும், அஞ்சு பேரும், அதுவும் நடுவுல சனி ஞாயிறு வந்துட்டா சுத்தம்.

பவர் பேங்குக்காரர் விஷயத்துல கொஞ்சம் கோவம் எனக்கும் இருக்கு. பவர் பேங்க், தனியா இருக்கிற லித்தியம் பேட்டரி எல்லாம் லக்கேஜ்ல போகக் கூடாது, கைப்பைல தான், இது எந்த நாட்டு ஏர்போர்ட்லயும் ஒரே சட்டம்தான், ஏன்னா அடில இருக்கிற லக்கேஜ் ரூம்ல அது புகைய ஆரம்பிச்சா ஓடிப் போய் அணைக்க ஆள் கிடையாது. 100 வாட் அவர் வரைக்கும் கையில கொண்டு போகலாம், சாதாரணமா நாம வச்சிருக்கிற 20,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் 74 வாட் அவர்தான் வரும், அதை பேசாம தோள்ல மாட்டியிருந்தா பெட்டி பெட்டியா வந்திருக்கும். மதுரைல இருந்து போறவங்க மலேசியால சொந்தக்காரங்களுக்குன்னு கொப்பரைத் தேங்காயையும் பெட்டில போட்டுட்டு வந்து திருச்சில மாட்டிக்குவாங்க, அதுவும் தானா தீப்பிடிக்கிற சாமான் லிஸ்ட்ல இருக்கு.

ஆனாலும் பணத்துக்கு அவரைப் பிடிக்காதீங்க, பாஸ்போர்ட் நண்பரையும் பிடிக்காதீங்க. 76,000ஐ அஞ்சால வகுத்தா ஆளுக்கு 15,200, அதைத்தான் நான் சொல்லுவேன். தனித்தனி டிக்கெட்னு எடுத்ததால ஒவ்வொருத்தருக்கும் ஏதோ ஆயிரம் ரெண்டாயிரம் மிச்சம் ஆகியிருக்கும்ல, அந்த மிச்சத்தை அஞ்சு பேரும்தான் அனுபவிச்சாய்ங்க, அப்ப யாரும் "நீதான புக் பண்ண, லாபத்துல பாதியை நீ வச்சுக்க"ன்னு சொல்லல. பாஸ்போர்ட்டை ஒருத்தன்கிட்ட குடுத்தப்ப அஞ்சு பேரும் கையை நீட்டித்தான் குடுத்தீங்க. உங்க பெட்டிக்கு வர்ற நஷ்டஈடு மட்டும் உங்களோடது, ஏர்போர்ட் வரி வந்தா அஞ்சு பங்கு.

ஆனா ஒண்ணு கேக்கணும். இது ரெண்டு தனி டிக்கெட்டு, முதல் ஃபிளைட் லேட்டானா ரெண்டாவது போயிரும், பரவாயில்லையான்னு எடுக்கிறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட சொன்னீங்களா? கடுதாசில அது எங்கயும் இல்ல. உங்களுக்கே தெரியாதுன்னா வேற விஷயம். தெரிஞ்சும், அஞ்சரை மணி நேரம் இடைவெளி இருக்குல்லன்னு விட்டிருந்தா, அந்த இடத்துல உங்க நண்பர்களுக்கு ஒரு சின்ன நியாயம் இருக்கு. காசு பாதி போட வேண்டாம், ஆனா "சொல்லாம விட்டது என் தப்புடா"ன்னு ஒரு தடவை சொல்லிருங்க, கணக்கைப் போட்டு நீட்டுறதுக்கு முன்னாடி சொல்லுங்க. அதை நான் ஏன் சொல்றேன்னா நானும் அந்தத் தப்பைப் பண்ணவன். தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு குடும்பத்துக்கு ராத்திரி 12.30 மணி ஃபிளைட் போட்டேன், 15ந் தேதின்னு டிக்கெட்ல இருந்துச்சு. அதுன்னா 14ந் தேதி ராத்திரியே சாப்பிட்டுட்டு ஏர்போர்ட்ல இருக்கணும்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு வாயைத் திறக்கல. அவங்க 15ந் தேதி ராத்திரி மாலை மரியாதையோட ரெண்டு வேன்ல போய் இறங்கியிருக்காங்க. அந்த டிக்கெட் காசை ஒன்பது மாசம் தவணைல நான் கட்டுனேன், டிக்கெட்ல எல்லாம் சரியாத்தான இருந்துச்சுன்னு ஒரு நாளும் வாதாட முடியல.

அப்பறம், ஒரு வெளிநாட்டுக்குப் போயிட்டு வரும்போது கடைசி ராத்திரி, ஊருக்கு ஃபிளைட் ஏறுற ஊர்லயே வந்து படுத்துறணும். லங்காவில கூட ஒரு நாள் கெடக்கலாம்னு ஆசையாத்தான் இருக்கும், கடலு அப்படி. ஆனா முந்தின நாளே கே.எல். வந்திருந்தா 2.40 மணி நேர லேட்டுக்கு நீங்க ஏர்போர்ட்ல உக்காந்து சீட்டு விளையாடியிருப்பீங்க, ராத்திரி மஸ்ஜித் இந்தியா பக்கம் பரோட்டா சாப்பிட்டுருப்பீங்க, எனக்கு இந்தக் கடுதாசியே வந்திருக்காது.

குரூப்பை விட்டுப் போனவருக்கு மெசேஜ் போடாதீங்க, நேர்ல போங்க, திருமங்கலத்துக்குள்ளதான இருக்கார். கணக்கு நோட்டை அன்னிக்கு எடுத்துட்டுப் போக வேண்டாம்.

கொடைக்கானலுக்கு தாராளமா போங்க. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் சொல்லி அங்கயும் வண்டிக்கு இ-பாஸ் எடுக்கணும், பாஸ்போர்ட் தேவையில்ல. அந்த இ-பாஸை மட்டும் அஞ்சு போன்லயும் வச்சுக்கங்க.